ஃபாரல் உட்கார்ந்து சாப்பிட்ட மார்ச் மாதம்

டென்ஸில் ஃபாரல் உட்கார்ந்து பார்த்தவர்கள் மொன்செராட் தீவில் குறைவு. வெள்ளிக்கிழமை காலையில் ஸ்வீனீஸ் மேட்டுத் தகரக் கொட்டகையில் விறகை மூட்டினாரென்றால், கடைசி ஆள் கிண்ணத்தை வழித்துவிட்டுப் போகும்வரை அந்த மனிதர் நின்ற காலில்தான் நிற்பார். அவர் வைக்கும் ஆட்டுத்தண்ணிக்குப் பெயர்தான் தண்ணி. எலும்போடு வெட்டிய கடாக்கறி, கிராம்பிலும் தைம் தழையிலும் பொழுதெல்லாம் வெந்து, கடைசியில் கொஞ்சம் ரம் ஊற்றி இறக்கும்போது சாறு உதட்டில் ஒட்டும். ஆளுக்கொரு கிண்ணம், தொட்டுக்கொள்ள ஒரு பன். கட்டட வேலைக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிற பெண்கள், போலீஸ்காரர்கள் எல்லோரும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்காருவார்கள். அவர் மட்டும் கரண்டியைப் பிடித்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

பம்பர் என்று எல்லோரும் கூப்பிடும் மினிபஸ் டிரைவர் மட்டும் சும்மா இருக்க மாட்டான்.

"ரோட்டையே பாத்துட்டிருந்தா ரோடு வந்து உனக்குப் பொண்டாட்டியா நிக்குமா, ஃபாரல்? பானைய அடி பிடிக்க விட்டுடாத."

"உன் வாய் இருக்குற வரைக்கும் என் பானைக்குத் திருஷ்டியே வராதுடா. தின்னுட்டுக் கிளம்பு."

பம்பர் சொன்னது பொய்யில்லை. ஃபாரலின் மனைவி இசில்டா கடல் கடந்து இங்கிலாந்தில் இருந்தாள். எரிமலை வெடித்த வருஷங்களில் போனவள். 'பின்னாடியே வர்றேன்' என்று அவளை அனுப்பிவைத்தவர் இவர்தான்.

அதற்கு முன்னால் அவர்களுக்குத் தீவின் தெற்கே பிளிமத் டவுனில், படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக்கடை இருந்தது. பலகையில் 'இசில்டா' என்றுதான் எழுதியிருக்கும். முன்னால் மேஜைகள் அவளுடைய ராஜ்ஜியம், பின்னால் முற்றத்து அடுப்பு அவருடையது. நடுச்சுவரில் ஒரு சதுர ஓட்டை. அதன் வழியாக அவள் கத்துவாள், இவர் கிண்ணத்தை நீட்டுவார். கப்பலிலிருந்து இறங்குகிற கூலிகள், கோர்ட்டு குமாஸ்தாக்கள், சந்தைக்கு வரும் கிழங்குக்காரிகள் என்று காலையிலிருந்து இருட்டும்வரை ஆள் வந்துகொண்டே இருக்கும். இருவரும் சாப்பிட்டது எப்போதும் நின்றுகொண்டுதான். அவள் கல்லாவுக்குப் பின்னால் நின்று பன்னைக் கடிப்பாள். இவர் அடுப்பருகே பானையின் அடியைச் சுரண்டுவார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து இருவரும் ஒருவேளை சாப்பிட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் சர்ச், பிறகு செத்த மாதிரித் தூக்கம்.

ஒருநாள் கடையைப் பூட்டும்போது கால் வீக்கத்தைத் தேய்த்துக்கொண்டே இசில்டா சொன்னாள்: "ஃபாரல், என்னை எங்கேயாவது கூட்டிட்டுப் போய் உக்கார வையேன். மடியில கைப்பைய வெச்சிட்டு நான் சும்மா உக்காந்திருக்கணும். எவளாவது வந்து, 'உங்களுக்கு என்ன வேணும்'னு கேக்கணும்."

"நம்ம கல்யாண நாளைக்குப் போவோம்."

"எந்த வருஷத்துக் கல்யாண நாளு?"

அவர் சிரித்தார். கல்யாண நாள் வந்தபோது துறைமுகத்தில் இரண்டு கப்பல் நின்றது. அடுத்த வருஷம் மகள் மார்வாவுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த வருஷம் மலை புகைய ஆரம்பித்தது.

மலை சாம்பலைக் கொட்டிய காலத்தைப் பற்றி ஃபாரல் அதிகம் பேச மாட்டார். டவுனைக் காலி செய்து வடக்கே சர்ச்சுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் ஜனங்களை அடைத்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு பள்ளிக்கூட முற்றத்தில் பெரிய பானையை ஏற்றி, வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டார்கள். வானத்திலிருந்து சாம்பல் சலித்த மாவு மாதிரி இறங்கும். பானைக்குமேல் தகரத்தைப் பிடித்துக்கொண்டு கிளற வேண்டும். மார்வாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ராத்திரி முழுக்க உட்கார்ந்த நிலையிலேயே இருக்கும் குழந்தை. 'இந்தப் பொண்ண இங்க வெச்சிருந்தா நீங்கதான் பொறுப்பு' என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

இங்கிலாந்துக்குப் போகிறவர்களை அரசாங்கமே அனுப்பிக்கொண்டிருந்தது. இசில்டா மார்வாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"ஆடுகள வித்துட்டுப் பின்னாடியே வர்றேன்," என்றார் ஃபாரல்.

"சீக்கிரம் வா. அங்க போய் உன்ன மாதிரி ஒருத்தன நான் எங்க தேடுவேன்," என்று அவள் விளையாட்டாகச் சொன்னாள். ஆனால் படகு ஏறும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

ஆடுகளை அவர் விற்கவில்லை. முதலில் வாங்க ஆளில்லை. பிறகு, முகாமில் இருந்தவர்களுக்குக் கறி வேண்டியிருந்தது. அப்புறம் வீடு கட்ட வந்த வேலைக்காரர்களுக்குச் சாப்பாடு போட ஆள் தேவைப்பட்டது. ஒவ்வொரு முறையும் ஒரு நியாயமான காரணம் கிடைத்தது. காரணங்களெல்லாம் தீர்ந்தபோது, இத்தனை காலம் கழித்து எந்த முகத்தோடு போய் நிற்பது என்ற கூச்சம் வந்து உட்கார்ந்துகொண்டது. இசில்டா லெஸ்டர் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். போனில் ஒவ்வொரு வாரமும் பேசுவாள். ஆரம்பத்தில் 'எப்ப வர்ற?' என்பதுதான் முதல் கேள்வி. பிறகு அது பேச்சின் கடைசிக்குப் போனது. பிறகு ஒருநாள், போனை வைத்த பின்னால்தான், அவள் இன்று அதைக் கேட்கவே இல்லை என்று ஃபாரலுக்கு உறைத்தது. அன்றைக்குப் பானையில் உப்புப் போட மறந்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் ஒருபோதும் கேட்கவில்லை.

இப்படிப் பதினைந்து வருஷத்துக்கு மேல் போயிற்று. ஒரு ஜனவரியில் மார்வா போன் செய்தாள். அவளுக்கே இப்போது கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்தது.

"அப்பா, அம்மா மார்ச் திருவிழாவுக்கு அங்க வர்றாங்க. ரெண்டு வாரம்."

"யாரு கூட?"

"யாரு கூட வருவாங்க? தனியாத்தான். நல்ல சட்டையா ஒண்ணு வாங்கி வையுங்க."

ஃபாரல் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார். ஜன்னல்களுக்கு நீல பெயின்ட் பூசினார். கட்டில் மெத்தையை மாற்றினார். பம்பர் வேலியோரம் பஸ்ஸை நிறுத்தி, "மாப்பிள்ளை, மேளத்துக்குச் சொல்லவா?" என்று கத்திவிட்டுப் போவான். இவர் பிரஷ்ஷை ஓங்குவார். ஆனால் முகத்தில் சிரிப்பை அடக்க முடியாது.

ஆன்டிகுவாவிலிருந்து வந்த படகில் இசில்டா இறங்கினாள். உடம்பு கனத்திருந்தது, தலைமுடி நரைத்துக் கட்டையாக வெட்டியிருந்தது. அந்த வெயிலிலும் ஒரு கம்பளிச் சட்டையைக் கையில் போட்டிருந்தாள். ஃபாரலைப் பார்த்ததும் நின்றாள். அவர் கை கொடுப்பதா, கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

"மெலிஞ்சிட்ட, ஃபாரல்."

"நீ... நல்லா இருக்க."

"குண்டாயிட்டேன்னு சொல்லேன். நானே பாத்துட்டுத்தான் வர்றேன்." பிறகு மெதுவாக, "க்வென் வீட்டுல ரூம் சொல்லியிருக்கேன். ஓல்வெஸ்டன்ல," என்றாள். க்வென் அவளுடைய சித்தி மகள்.

நீல ஜன்னல்கள் ஃபாரலின் கண்முன் ஒரு நொடி வந்து போயின. "அதுக்கென்ன," என்றார். பெட்டியை க்வென் வீட்டு வாசலில் இறக்கி வைத்துவிட்டுத் தனியாக நடந்தே வீட்டுக்கு வந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை கொட்டகையில் திருவிழாக் கூட்டம். லண்டன், பாஸ்டன், டொரான்டோ என்று எங்கெங்கோ போனவர்களெல்லாம் திருவிழாவின் நிறமான பச்சையில் சட்டையும் தொப்பியுமாக வந்து குவிந்திருந்தார்கள். கிண்ணம் போதவில்லை. ஃபாரல் திணறிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு கை வந்து பன் கூடையை வாங்கியது. இசில்டா. கூட்டத்தைப் பார்த்து, "வரிசையில வாங்க! டேய், நீ இப்பத்தான வாங்கிட்டுப் போன? உன் மூஞ்சி எனக்கு ஞாபகம் இருக்கு!" என்று ஒரு அதட்டு. ஜனங்கள் கைதட்டினார்கள். பழைய டவுன் ஆட்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த மதியம் முழுக்க அவள் குரல் கொடுக்க, இவர் கிண்ணத்தை நீட்ட, பேச்சே தேவைப்படவில்லை. ஃபாரலுக்கு மனசு நிரம்பி வழிந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்துவிட்டார்.

கூட்டம் வடிந்ததும் இசில்டா கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஃபாரல், உனக்குப் பரிமாறுறதுக்காக நான் பிளேன் ஏறி வரல."

"நான் கூப்பிடலையே, நீயாத்தான..."

"தெரியும். கை தானா வந்துடுச்சு. அதான் எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கு சாயங்காலம் என்னை வெளிய சாப்பிடக் கூட்டிட்டுப் போ. எந்தக் கல்யாண நாளுன்னு கேக்காத."

லிட்டில் பே கடற்கரையில் ஹெஸ்டர் வீக்ஸ் என்ற பெண் ஒரு சாப்பாட்டுக்கடை நடத்தினாள். மேஜைகளை மணலை ஒட்டிப் போட்டிருப்பாள். ஃபாரல் உள்ளே நுழைந்ததும் அங்கிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "என்ன மிஸ்டர் ஃபாரல், கடைய மூடிட்டீங்களா?" என்று ஒருவன் கேட்டான். அவருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மேஜைமேல் வைத்தார், எடுத்தார், தொடையில் வைத்தார். இசில்டா எதிரே உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்து, முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

ஹெஸ்டர் வந்தாள். "மிஸ் இசில்டா, உங்களுக்கு என்ன வேணும்?"

"இன்னொரு தடவ கேளு."

"என்னது?"

"அதையேதான். இன்னொரு தடவ கேளும்மா."

ஹெஸ்டருக்குப் புரியவில்லை, ஆனால் கேட்டாள். இசில்டா கண்ணை மூடிக்கொண்டு அதைக் காதில் வாங்கினாள். பிறகு சுட்ட மீனும் நெருப்பில் வாட்டிய ஈரப்பலாவும் இஞ்சிச்சாறும் சொன்னாள். "ஆட்டுத்தண்ணி மட்டும் வேண்டாம்," என்று சேர்த்துக்கொண்டாள். ஃபாரல், "எனக்கும் அதுவே," என்றார்.

பக்கத்து மேஜையில் சாப்பிட்டவர்கள் எழுந்து போனதும் ஃபாரல் தன்னையறியாமல் எழுந்து அவர்களுடைய தட்டுகளை அடுக்கப் போனார். இசில்டா சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "உக்காரு." உட்கார்ந்தார். சமையலறையில் ஏதோ தீய்ந்த வாசனை வந்தது. மூக்கை அந்தப் பக்கம் திருப்பினார். "அது அவ பாடு. நீ உக்காரு."

மீன் வந்தது. இசில்டா சாப்பிட ஆரம்பித்தாள். அப்போதுதான் ஃபாரலுக்கு ஒன்று தெரிந்தது: இவள் சாப்பிட்டு அவர் பார்த்ததே இல்லை. அவசரமாக ஒரு வாய் போட்டுக்கொண்டு ஓடுகிறவளைத்தான் பார்த்திருக்கிறார். இவளோ முள்ளையெல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தாள். மொறுமொறுப்பான தோலை உரித்துக் கடைசிக்கென்று ஒதுக்கினாள். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் கடலைப் பார்த்தாள். தனக்குத்தானே லேசாகத் தலையாட்டிக்கொண்டாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய பெண்ணுக்கு மீன் தோல் பிடிக்கும் என்பதுகூட அவருக்குத் தெரியாது. தன் தட்டிலிருந்த தோலை எடுத்து அவள் தட்டில் வைத்தார். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டாள்.

"அங்க எங்க வீட்டுத் தெருமுனையில ஒரு சின்னக் கடை," என்று அவளாகவே பேச ஆரம்பித்தாள். "சனிக்கிழமை அங்க போய் உக்காருவேன். ஒரு டீ, ஒரு கறி அடைச்ச பணியாரம். ருசின்னு சொல்ல முடியாது. ஆனா அந்தப் பொண்ணு என் பேரு சொல்லிக் கூப்பிட்டு, எப்பவும் போலத்தானேன்னு கேப்பா. வாரம் பூரா புள்ளைங்களுக்குப் போட்டுட்டு நிக்கிறவளுக்கு அந்த அரை மணி நேரம்தான் ஃபாரல், சொர்க்கம்."

"தனியாவா?"

"எதிர்ல ஒரு நாற்காலி இருக்கும். அதுல என் கோட்ட வெச்சிருப்பேன்."

அவர் இஞ்சிச்சாறை எடுத்து, குடிக்காமல் வைத்தார்.

"ஏன் வரல, ஃபாரல்?"

இந்தக் கேள்வி எத்தனையோ வருஷம் கழித்து வந்தது. ஆடுகள், முகாம், வேலைக்காரர்கள் என்று காரணங்களெல்லாம் அவருக்கு நாக்குநுனி வரை வந்தன. அவற்றையெல்லாம் விழுங்கிவிட்டு உண்மையைச் சொன்னார்.

"அங்க வந்தா நான் யாரு? இங்க ரோட்டுல போற நாய்க்குக்கூட நான் யாருன்னு தெரியும். அங்க நான் சமைச்சா யாரு சாப்பிடுவா?"

"நான் சாப்பிட்டிருப்பேன்," என்றாள் இசில்டா.

அவள் குரலில் கோபமில்லை. அதுதான் அவரை அடித்துப் போட்டது. ஹெஸ்டர் வந்து தட்டை எடுத்துக்கொண்டு போனதுகூட அவருக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு இருந்த நாட்களிலெல்லாம் அவர்கள் சாயங்காலமானால் சாப்பிடக் கிளம்பினார்கள். ரோட்டோரம் டிரம்மில் கோழி சுடுகிறவனிடம், மரவள்ளி ரொட்டிக்காரியிடம், சீனன் கடைக்கு, உப்பு மீனும் சேம்பும் போடுகிற பாருக்கு என்று ஒவ்வொன்றாகப் போனார்கள். அத்தனை கடைகளிலும் ஃபாரலுக்குப் பழகிய முகங்கள்தான், ஆனால் யார் கைச் சமையலையும் அவர் ருசி பார்த்ததில்லை. தீவு முழுக்க இதே பேச்சு. "கிழடுங்க ரெண்டும் காதலிக்குதுங்க," என்று பம்பர் பஸ்ஸில் ஏறியவர்களிடமெல்லாம் ஒலிபரப்பினான்.

ஒருநாள் இசில்டா, "ஆல்ட்வின் மீட் கடைக்குப் போவோம்," என்றாள். கஜோ ஹெட் பக்கத்தில் ஆட்டுத்தண்ணி விற்கிற போட்டிக்காரன். ஃபாரலும் அவனும் பாதையில் எதிர்ப்பட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டு போகிறவர்கள்.

"அவன் வைக்கிறது ஆடு குளிச்ச தண்ணி."

"சாப்பிட்டிருக்கியா?"

"எதுக்குச் சாப்பிடணும்?"

"அப்ப வா."

இவர்கள் நுழைந்ததும் ஆல்ட்வின் கையிலிருந்த மூடி தரையில் விழுந்து உருண்டது. ஃபாரல் கிண்ணத்தை வாங்கி, பன்னைப் பிய்த்துத் தோய்த்து, மென்றார். ஆல்ட்வின் கரண்டியோடு நின்றிருந்தான்.

"நல்லாயிருக்கு," என்றார் ஃபாரல். ஆல்ட்வின் கேட்காமலே இன்னொரு எலும்பை எடுத்துப் போட்டான்.

வெளியே வந்ததும் இசில்டா கேட்டாள்: "பொய்தான சொன்ன?"

"இல்ல. அதான் வயித்தெரிச்சலா இருக்கு."

அவள் ரோட்டிலேயே நின்று, வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டபோதுதான் ஃபாரல் வாய்விட்டுக் கேட்டார்: "இங்கயே இருந்துடேன், இசி."

சிரிப்பு நின்றது. "முடியாது. மார்வா குழந்தைய நான்தான் பாத்துக்கறேன். அதுவும் இல்லாம, இங்க இருந்தா வர்ற வெள்ளிக்கிழமையே என் கை பன் கூடைக்குப் போயிடும். உனக்கும் அதுதான் வேணும்னு உனக்கே தெரியும்." அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்ன விட்டுட்டேன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. சொல்லவும் மாட்டேன்."

படகுத்துறையில் ஃபாரல், "அக்டோபர்ல வர்றேன்," என்றார்.

"சொல்லாத. வந்தா வா."

அவர் போனார். அந்த அக்டோபரில் பம்பரிடம் ஆடுகளை ஒப்படைத்துவிட்டு, வாழ்நாளில் முதல்முறையாக பிளேன் ஏறினார். லெஸ்டரில் அவளுடைய வீடு தீப்பெட்டி மாதிரி. காலையில் அவள் வேலைக்குப் போய்விடுவாள். இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்ப்பார். ஆட்டுக்கறி வாங்கி, அந்தச் சின்ன அடுப்பில் ஒருநாள் ஆட்டுத்தண்ணி வைத்தார். புகைமணி வீல் என்று கத்தி, பக்கத்து வீட்டுக்காரர்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். இசில்டா சாயங்காலம் வந்து கோட்டைக் கழற்றிவிட்டு மேஜையில் உட்கார்ந்தாள். அவரும் உட்கார்ந்தார். அவள் நிதானமாகச் சாப்பிட்டாள். கிண்ணத்தை வழித்தாள்.

"விறகு இல்ல. அது ஒண்ணுதான் குறை," என்றாள்.

"ஆமா."

"ஆனா நீ சமைச்சு நான் சாப்பிட்டேன்."

"ஆமா," என்றார் மறுபடியும்.

புது வருஷம் பிறந்ததும் குளிர் அவருடைய மார்பைப் பிடித்தது. அதைவிட, பகல் முழுக்க யாருக்கும் தேவைப்படாமல் உட்கார்ந்திருப்பது அவரை அரித்தது. அவர் சொல்லாமலே அவள் பெட்டியை அடுக்கிக் கொடுத்தாள். விமான நிலையத்தில் அவருடைய கழுத்துத் துண்டைச் சரிசெய்துவிட்டு, "போ, ஜனங்க பட்டினி கிடக்கும்," என்றாள்.

திரும்பி வந்த பிறகு ஃபாரலுக்கு ஒரு விஷயம் புரிந்தது. இத்தனை வருஷமாக அவர் ஏங்கியது தன்னோடு ஓடியாடி வேலை செய்த ஒருத்திக்காக. அந்த ஏக்கத்தோடு பழகி, ஒருமாதிரி வாழ்ந்துவிட்டார். இப்போது ஏங்குவது முள்ளை வரிசையாக அடுக்குகிற, தோலைக் கடைசிக்கு ஒதுக்குகிற, மெதுவாகச் சாப்பிடுகிற ஒருத்திக்காக. இந்த ஏக்கம் புதுசு. வேலையில் கரைய மாட்டேன் என்கிறது.

போன வாரம் பம்பர் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே கேட்டான்: "மிஸ் இசில்டா அடுத்த வருஷம் ரிட்டையர் ஆகுறாங்களாமே. வந்துடுவாங்களா?"

"கேக்கல."

"கேட்டா வாயில இருக்குற பல்லு கொட்டிடுமா?"

ஃபாரல் பானைக்குள் கரண்டியை விட்டு நல்ல எலும்பாகத் தேடினார். "அவ என்னை வாராவாரம் கேட்டா, பம்பர். எத்தனையோ வருஷம். அப்ப எனக்கு அது வெறும் பேச்சா இருந்துச்சு. கேக்குறது எவ்வளவு கஷ்டம்னு இப்பத்தான் தெரியுது."

பம்பர் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு பெஞ்சுக்குப் போனான். அடுத்த ஆள் கிண்ணத்தோடு வந்து நின்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டுவிடலாம் என்று ஃபாரல் நினைத்துக்கொண்டார். போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் நினைத்திருந்தார்.